கூட்டமில்லாத கடற்கரைக்கு என்ன விலை?

போன டிசெம்பர் விடுமுறைக்கு நாங்கள் குடும்பமாகத் தென்மேற்குக் கரையோரத்திலுள்ள பெயர் பெற்ற ஒரு கடற்கரைக்குப் போயிருந்தோம். பெரியவர்கள் ஆறு பேர், சிறியவர்கள் ஐந்து பேர். புத்தளத்திலிருந்து வேன் பிடித்துப் போய்ச் சேர்ந்ததும் வேனை நிறுத்த இடம் தேடியே ஒரு மணித்தியாலம் கழிந்தது. அறை வாடகை வழமையான நாட்களைவிட இரண்டு மடங்கு. விடுதியின் நீச்சல் தடாகத்தில் எங்கள் பெண்கள் முழு உடையோடு இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, கடலில் குளிப்போம் என்று போனால், பாதம் நனைக்கவும் இடமில்லாத சனக்கூட்டம். மூன்று நாளும் பெண்கள் அறையின் பல்கனியில் கதிரை போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது என் மனைவி வேனுக்குள் ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு காசையும் குடுத்து சனத்தத்தானே பார்த்திட்டு வாறம்?"

நான் 25 வருடமாக வியாபாரம் செய்பவன். கொடுத்த காசுக்குச் சரக்கு கிடைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நாம் வாங்கப் போனது என்ன? கடலும், காற்றும், பிள்ளைகளோடு இரண்டு நாள் நிம்மதியும். கிடைத்தது என்ன? வாகன நெரிசலும் பெரிய பில்லும். அடுத்த முறை கூட்டமில்லாத கடற்கரை ஒன்றைத்தான் தேடுவது என்று அன்றே முடிவு செய்தேன். அந்தத் தேடலின் அனுபவத்தையும், அதிலிருந்து படித்த வியாபாரப் பாடத்தையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

தம்பியின் திட்டம்

இந்த நேரத்தில்தான் என் தம்பி கத்தாரிலிருந்து வந்து சேர்ந்தான். 16 வருட உழைப்பு. கையில் கொஞ்சம் சேமிப்பு. ஒரு தரகர் அவனிடம் காரைநகரில் கடலோரமாக ஒரு காணி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே ஆறு அறையில் ஒரு விடுதி கட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. சேமிப்பு போதாது. யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் உம்மாவின் பெயரில் இருக்கும் பழைய வீட்டை விற்றால் மீதிக் காசு வரும் என்று கணக்குப் போட்டிருந்தான்.

அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, சில மணித்தியால அவகாசத்தில் நாங்களும் அந்த வீட்டை விட்டு வந்தோம். இப்போது அதற்குக் கூரை பாதிதான். சுவர் நிற்கிறது, கிணறு இருக்கிறது. உறுதியை உம்மா இன்னும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருக்கிறார்.

விற்பதா வேண்டாமா என்று வீட்டில் கதை நடந்தது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க ரெண்டு பேரும் யோசிச்சு செய்யுங்க" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லில் சம்மதம் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

நான் தம்பியிடம் ஒன்று சொன்னேன். "கடை போட முதல் அந்தத் தெருவில வாடிக்கையாளனா ஒரு நாள் நடந்து பார்க்கணும். முதல்ல குடும்பத்தோட போய் இருந்து பார்ப்பம். அதுக்குப் பிறகு காணியைப் பற்றிக் கதைப்பம்." அவனும் ஒத்துக்கொண்டான்.

நாளைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை

கூட்டமில்லாத இடத்தைத் தேடுகிறவர்கள் வரைபடத்தைத்தான் முதலில் விரிப்பார்கள். உண்மையில் முதலில் விரிக்க வேண்டியது கலண்டரை.

நமது நாட்டுக்கு இரண்டு பருவமழை. தென்மேற்குக் கரையோரத்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. அதனால்தான் டிசெம்பரில் வெளிநாட்டவர், உள்நாட்டவர் எல்லோரும் அங்கே குவிகிறார்கள். யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. ஒக்டோபரில் தொடங்கி டிசெம்பர், ஜனவரி வரை வாடைக்காற்றும் மாரி மழையும். 2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டை வெள்ளக்காடாக்கியதும் இந்தப் பருவத்தில்தான். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் குளம் மாதிரிக் கிடக்கும். மே மாதத்துக்குப் பின் சோளகக் காற்று வீசத் தொடங்கும். வெயிலும் புழுதியும் இருந்தாலும் மழைப் பயம் இல்லை.

இன்னொன்று. ஜூலை, ஆகஸ்ட், சில வருடங்களில் செப்டெம்பர் தொடக்கம் என்று வரும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாட்கள் நடக்கும். புலம்பெயர்ந்த தமிழர்களும் அந்தக் காலத்தில்தான் ஊருக்கு வருவார்கள். அந்த நாட்களில் யாழ் நகரில் அறை எடுப்பது சிரமம், எடுத்தாலும் விலை கூட. திருவிழா பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது நல்ல காலம். கடலுக்காகப் போகிறவர்கள் அந்த 25 நாட்களைத் தவிர்ப்பது நல்லது.

இங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை தனியாக வருகிறது. நாட்டின் மற்றப் பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும்போது நம் பிள்ளைகளுக்கு விடுமுறை. பெருநாள் முடிந்து மிச்சமாகும் நாட்களில் விடுதிக்காரரிடம் பேரம் பேசலாம், பெரும்பாலும் வாடகை குறைத்துத் தருவார். இப்போது அந்த நாட்கள் யாழ்ப்பாணக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் விழுகின்றன. ஆனால் நோன்பு வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. 2030 ஆகும்போது அது மாரி காலத்தை நெருங்கிவிடும். எனவே இந்த அனுகூலம் சில வருடங்களுக்கு மட்டுமே.

நாங்களும் நோன்பு விடுமுறையின் கடைசி நாட்களைத்தான் தேர்ந்தெடுத்தோம். உம்மாவையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனோம்.

கசூரினாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

யாழ்ப்பாணத்துக் கடற்கரை என்றதும் எல்லோர் வாயிலும் வருவது காரைநகர் கசூரினா கடற்கரை. யாழ் நகரிலிருந்து மானிப்பாய், வட்டுக்கோட்டை வழியாகப் போய், பொன்னாலைப் பாலத்தைக் கடந்தால் காரைநகர். சுமார் 20 கிலோமீற்றர். கரையோரம் வளர்ந்து நிற்கும் சவுக்கு மரங்களின் ஆங்கிலப் பெயர்தான் அந்தக் கடற்கரைக்கும் பெயராகிவிட்டது. நீண்ட தூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறாத ஆழமில்லாத கடல். சிறு பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல இடம் வடக்கில் குறைவு.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பார்த்ததும் தம்பியின் முகம் மலர்ந்தது, என் முகம் வாடியது. கரை முழுக்கச் சனம். பஸ்ஸில் வந்த கூட்டம், மோட்டார் சைக்கிளில் வந்த பொடியன்கள், பாட்டுப் பெட்டி, ஐஸ்கிறீம் வண்டி. "பார்த்தீங்களா நானா, எவ்வளவு சனம்! இங்க விடுதி போட்டா நிரம்பும்" என்றான் தம்பி.

எனக்கு ஒரு சந்தேகம். இந்தச் சனத்தில் இரவு தங்குகிறவர் எத்தனை பேர்? மஃரிபுக்குப் பிறகு நின்று பார்த்தோம். இருட்ட இருட்ட வாகனங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விட்டன. எல்லோரும் யாழ்ப்பாணத்து ஆட்கள், வீட்டுக்குப் போய்த்தான் படுப்பார்கள். மறுநாள் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் திரும்பவும் போனோம். அவ்வளவு நீளக் கரையில் எங்களைத் தவிர ஒரு வயதான கடற்றொழிலாளியும் இரண்டு நாய்களும்தான்.

எங்கள் பெண்கள் முழு உடையோடு கடலில் இறங்கினார்கள். பார்க்க ஆளில்லை. பிள்ளைகள் பத்து மணி வரை தண்ணீரை விட்டு வரவில்லை. டிசெம்பரில் பெரிய விலை கொடுத்தும் கிடைக்காத சரக்கு, திங்கட்கிழமை காலையில் ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்தது.

இதிலிருந்து இரண்டு பாடம். போகிறவர்களுக்கு: கூட்டம் என்பது இடத்தைப் பொறுத்தது மட்டுமல்ல, கிழமையையும் மணியையும் பொறுத்தது. கிழமை நாளில், காலையில் போங்கள். முதலீடு செய்கிறவர்களுக்கு: கூட்டத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பின்னேரம் வந்து போகும் கூட்டம் ஐஸ்கிறீம் வாங்கும், அறை வாங்காது.

மற்றக் கரைகள்

கசூரினாவோடு நிறுத்தாமல் நான்கு நாட்களில் வேறு சில இடங்களையும் பார்த்தோம்.

வேலணையில் சாட்டிக் கடற்கரை. யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் போகலாம். போகிற வழியே ஒரு காட்சி. இரண்டு பக்கமும் கடல், தண்ணீருக்குள் கொக்கும் நாரையும். இதுவும் ஆழமில்லாத கடல். நகருக்குக் கிட்ட இருப்பதால் காலை போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

வடமராட்சி கிழக்கில் மணற்காடு. பெயருக்கு ஏற்றபடி மணல் மேடுகள். மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடுகள் இன்னும் நிற்கின்றன. கூட்டமில்லாத கரை என்றால் இதுதான். ஆனால் இது வங்காள விரிகுடாவை நேரே பார்த்திருக்கும் திறந்த கடல். 2004 டிசெம்பர் 26 சுனாமியில் வடமராட்சி கிழக்குக் கிராமங்கள் பட்ட பாடு எல்லோரும் அறிந்தது. அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், பிள்ளைகள் தண்ணீரை நோக்கி ஓடியதைக் கண்டு எழுந்து வந்தார். "தம்பி, இது காரைநகர்க் கடல் இல்ல. கால் நனைச்சாப் போதும்" என்றார். நாங்கள் கால் மட்டும் நனைத்தோம். பிள்ளைகள் மணல் மேட்டில் சறுக்கி விளையாடினார்கள்.

கீரிமலை. கடலோரமாக நன்னீர் ஊற்றுக் கேணி இருக்கும் இடம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள். ஆனால் அது நகுலேஸ்வரம் கோயிலோடு சேர்ந்த புனித தீர்த்தம். இந்துக்கள் பிதிர்க்கடன் செய்யும் இடம். உல்லாசக் குளியலுக்கான இடமாக நாம் அதை நினைக்கக் கூடாது. பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பினோம்.

நெடுந்தீவு. குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கோறைக்கல் மதில்கள், காட்டுக் குதிரைகள், ஒல்லாந்தர் கோட்டையின் எச்சம், ஒரு பெருக்க மரம். அமைதி விரும்பிகளுக்கு நல்ல இடம். ஆனால் திரும்பி வரும் படகின் நேரத்தைப் போகும்போதே உறுதி செய்துகொள்ள வேண்டும், உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கிப் போட வேண்டும். வயதானவர்களுக்கு இந்தப் பயணம் சிரமம். உம்மாவை விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் போய் வந்தோம்.

அமைதிக்கும் ஒரு பில் உண்டு

கூட்டமில்லாத இடம் மலிவு என்று நினைப்பது தவறு. அறை வாடகையில் மிச்சமாவது வேறு வழியில் செலவாகும்.

சாப்பாடு: கசூரினாப் பக்கம் மதியம் பதினொரு பேருக்கு ஹலால் சாப்பாடு உடனே கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. யாழ் நகரில் ஐந்து சந்திப் பக்கமாக நம்மவர்களின் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. காலையிலேயே சொல்லி வைத்துப் பொதி கட்டிக்கொண்டு போனோம். நண்டும் மீனும் யாழ்ப்பாணத்தின் சிறப்பு என்பதால் அதிலும் குறையில்லை.

போக்குவரத்து: பஸ் உண்டு, ஆனால் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். குடும்பமாக என்றால் சொந்த வாகனமோ வாடகை வேனோ இல்லாமல் சரிவராது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ரயிலில் வந்து யாழ்ப்பாணத்தில் வேன் பிடிக்கலாம். யுத்தத்தால் நின்று போன ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் திரும்பவும் ஓடத் தொடங்கியது.

பாதுகாப்பு: எல்லாக் கரையிலும் உயிர்காப்பாளர் இருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆளில்லாத கரையில் ஆபத்து நேர்ந்தால் ஓடி வரவும் ஆளிருக்காது. பெரியவர் ஒருவர் கரையில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிக்க முதல் அந்த ஊர்க் கடற்றொழிலாளி ஒருவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தண்ணீர்: இதுதான் முக்கியம். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழை நீர்தான் கிணற்று நீர். அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு ஏறும். தீவுப் பகுதிகளில் நிலைமை இன்னும் கடினம். குடாநாட்டின் குடிநீருக்காகத் தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டதே இந்தத் தட்டுப்பாட்டின் அளவைச் சொல்லும். குளித்துவிட்டு வந்து உப்புப் போகத் தண்ணீர் ஊற்றும்போது, அது யாரோ ஒருவரின் குடிதண்ணீர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

ஆறு அறையா, இரண்டு அறையா?

மூன்றாம் நாள் இரவு தம்பியும் நானும் கொப்பி பேனையோடு உட்கார்ந்தோம். பின்வருவன எங்கள் அனுமானக் கணக்குகள். வாசகர்கள் தங்கள் ஊர் விலைக்கு ஏற்ப மாற்றிப் பார்க்கலாம்.

கடலோரத்தில் காணி வாங்கி ஆறு அறை கட்ட 1 கோடியே 80 இலட்சம் ரூபா என்று வைத்தோம். மாரியையும் சனமில்லாத கிழமை நாட்களையும் கழித்தால் வருடத்தில் 100 இரவு அறைகள் நிரம்பும். ஒரு இரவுக்கு 6,000 ரூபா வீதம் வருடம் 36 இலட்சம். சம்பளம், மின்சாரம், தண்ணீர் பவுசர், உப்புக் காற்று தின்னும் இரும்புக்கும் பெயின்ட்டுக்கும் பழுதுபார்ப்பு என்று மாதம் 1 இலட்சத்து 75 ஆயிரம், வருடம் 21 இலட்சம். மிச்சம் 15 இலட்சம். போட்ட முதல் திரும்ப 12 வருடம். அதற்குள் ஒரு புயலோ, 2019 ஏப்ரல் போல ஒரு சம்பவமோ, 2020 போல ஒரு கொள்ளை நோயோ, 2022 போல ஒரு பொருளாதார நெருக்கடியோ வரக் கூடாது. நம் நாட்டுக்கு 2018 இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். 2020 இல் அது சுமார் 5 இலட்சமாக விழுந்தது. 2024 இல்தான் திரும்பவும் 20 இலட்சத்தைக் கடந்தது. இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம் அவ்வளவு.

சட்டமும் இருக்கிறது. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கடல் நீர் உயரும் எல்லையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் கட்ட கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தரகர் இதைப் பற்றித் தம்பியிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த பக்கத்தில் இன்னொரு கணக்குப் போட்டோம். சோனகத்தெரு வீட்டின் கூரையைப் போட்டு, இரண்டு அறையும் குளியலறையும் ஒழுங்காக்க 20 இலட்சம். காணி வாங்கும் செலவு இல்லை. ஒரு இரவுக்கு 5,000 ரூபா வீதம் இரண்டு அறை, அதே 100 இரவு என்றால் 10 இலட்சம். செலவு மாதம் 40 ஆயிரம் வீதம் 4 இலட்சத்து 80 ஆயிரம். மிச்சம் 5 இலட்சத்து 20 ஆயிரம். நான்கு வருடத்துக்குள் முதல் திரும்பி வரும். நகருக்குள் இருப்பதால் கடலுக்கு வருகிறவர் மட்டுமல்ல, திருவிழாவுக்கு வருகிறவர், வியாபாரத்துக்கு வருகிறவர், உறவினர் வீட்டுக்கு வருகிறவர் எல்லோரும் தங்கலாம். நடக்கும் தூரத்தில் பள்ளிவாசல், ஹலால் சாப்பாடு. காலையில் ஒரு வேனில் கசூரினாவுக்குக் கூட்டிப் போய் வந்தால் அதற்கும் ஒரு கூலி. இப்படியான வீட்டுத் தங்குமிடங்களை இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்யவும் வழி இருக்கிறது.

தம்பி நீண்ட நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆனா நானா, கடலைப் பார்த்தபடி அறை இல்லையே" என்றான். உண்மைதான். அந்தக் குறைக்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன்.

முதலைத் தின்னும் வியாபாரம்

கூட்டமில்லாத கடற்கரையில் விற்பனைச் சரக்கு அந்த அமைதிதான். அதுவே முதல். கரை முழுக்க விடுதி கட்டினால், இலாபம் என்று நினைத்து முதலைத்தான் தின்கிறோம்.

ஹிக்கடுவையைப் பாருங்கள். பவளப் பாறைகளைப் பார்க்கத்தான் ஒரு காலத்தில் அங்கே பயணிகள் வந்தார்கள். விடுதிகள் பெருகின, கண்ணாடி அடித்தளப் படகுகள் பெருகின, பாறைகள் மேல் ஏறி நடந்தார்கள். 1998 இல் கடல் வெப்பத்தால் பவளங்கள் வெளிறின. 2002 இல் அதைத் தேசிய பூங்காவாக்கிய போது பழைய அழகில் பெரும் பகுதி போய்விட்டிருந்தது. பிலிப்பைன்ஸின் பொராக்காய் தீவைக் கழிவு நீரால் கெட்டுப் போனதென்று 2018 இல் ஆறு மாதம் மூடினார்கள். தாய்லாந்தின் மாயா விரிகுடா 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. மூடிய காலத்தில் அங்கே தொழில் செய்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மறு பக்கத்தில் மாலைதீவு. அங்கே நீண்ட காலமாகப் பயணிகள் ஆட்கள் குடியிராத தீவுகளின் பெரிய விடுதிகளில்தான் தங்கினார்கள். 2009 க்குப் பிறகு குடியிருப்புத் தீவுகளில் சிறிய விருந்தினர் இல்லங்கள் நடத்த இடம் கிடைத்தது. மாஃபுஷி போன்ற தீவுகளில் ஊர் மக்களே தங்கள் இடத்தில் அறை விட்டு உழைக்கிறார்கள். நம் நாட்டிலும் பொத்துவில் அறுகம்பையில் ஊர்க் குடும்பங்கள் சிறிய விடுதிகளால் பிழைக்கின்றன. சிறிதாகச் செய்தால் காசு ஊருக்குள் சுற்றும்.

தம்பிக்கு நான் சொன்னதும் இதைத்தான். "கடலை மறைச்சு நீ கட்டுற அறையால பத்துப் பேர் கடலைப் பார்ப்பாங்க. பிறகு பக்கத்துக் காணிக்காரனும் கட்டுவான். அஞ்சு வருஷத்தில நாம டிசெம்பர்ல பார்த்த அதே கூட்டம் இங்கயும் வந்திரும். பிறகு யார் இவ்வளவு தூரம் வருவாங்க?"

கடைசி நாள் காலை

புறப்படும் நாள் காலையில் இன்னொரு முறை கசூரினாவுக்குப் போனோம். உம்மா சவுக்கு மரத்தின் கீழே பாயில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு 72 வயது. கடைசியாக இந்தக் கரைக்கு வந்தது 1989 இலோ என்னவோ.

"வாப்பா உங்க ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வந்தது ஞாபகமா?" என்று கேட்டார். எனக்குக் கொஞ்சம் ஞாபகம். தம்பிக்கு இல்லை, அவன் அப்போது கைக்குழந்தை.

"அப்பவும் இப்படித்தான் மகன். சனமே இல்ல" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, "திரும்பிப் போகக்குள்ள அந்த வீட்டக் கொஞ்சம் பார்த்திட்டுப் போவமா?" என்றார்.

நான்கு நாளில் உம்மா வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். போனோம். தம்பி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். வாளி கட்டி ஒரு வாளி அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உவர் இல்ல நானா" என்றான். பிறகு கையால் சாண் போட்டு ஓர் அறையின் நீளத்தை அளக்கத் தொடங்கினான். உம்மா ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

காணித் தரகருக்குத் தம்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கூரைக்கு மரம் எடுக்க இப்போது விலை கேட்டுத் திரிகிறான். வேலை முடிய இன்னும் சில மாதம் ஆகும். நட்டமா இலாபமா என்பது பிறகுதான் தெரியும். உறுதி இன்னும் அந்த பிஸ்கட் டின்னுக்குள்தான் இருக்கிறது.

வாசகர்களுக்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவுதான். அடுத்த விடுமுறைக்குக் கடற்கரை தேடும்போது எல்லோரும் போகும் இடத்துக்கு எல்லோரும் போகும் நாளில் போகாதீர்கள். கலண்டரைப் பாருங்கள், கிழமையைப் பாருங்கள், சாப்பாட்டையும் வாகனத்தையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள், ஊர்க்காரரிடம் கடலைப் பற்றிக் கேளுங்கள். அறைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கும் காசை அந்த ஊர் மனிதரின் கையில் கொடுங்கள். கொண்டு போன பொலித்தீனைத் திரும்பக் கொண்டு வாருங்கள். அந்தக் கரை அடுத்த வருடமும் அப்படியே இருந்தால்தான் நமக்கும் போக ஓர் இடம் இருக்கும், அங்கே அறை விடுகிறவருக்கும் ஒரு தொழில் இருக்கும்.